முதல் பட்டதாரி சலுகை உங்களோட முடிஞ்சது. தங்கச்சிக்கு என்ன மிச்சம் இருக்கு?

இந்த வார வீடியோவில் வேகமாகச் சொல்லிப் போன விஷயத்தை, கணக்கோடு கொஞ்சம் நிதானமாக இங்கே எழுதுகிறேன். வீடியோ பார்க்காதவர்களுக்கும் புரியும்.

இது யாருக்கான பதிவு என்றால், நீங்கள் வீட்டில் முதல் பட்டதாரி. அம்மா ஆம்பூரிலோ ராணிப்பேட்டையிலோ ஒரு ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறார். அப்பா டேனரியில் இருக்கிறார், இல்லையென்றால் கலவை, திமிரி பக்கம் விவசாயக் கூலி. நீங்கள் கவுன்சிலிங்கில் பி.இ. சேர்ந்து, முதல் பட்டதாரி சான்றிதழ் காட்டி, பாதிக் கட்டணத்தில் படித்து முடித்து, இப்போது சென்னையிலோ பெங்களூரிலோ கைக்கு 28,000 வாங்குகிறீர்கள். வீட்டில் தங்கையோ தம்பியோ எட்டாவது, ஒன்பதாவது படிக்கிறார்கள். "அதுங்களை நான் படிக்க வெச்சிடறேன்"னு அம்மாகிட்ட சொல்லியும் ஆச்சு.

சொன்னது சரி. அதற்கு எவ்வளவு ஆகும், எதைச் செய்தால் அந்தத் தொகை தேவையில்லாமல் ஏறும் என்பதுதான் இன்றைய பாடம்.

முதலில் அந்தச் சான்றிதழ் என்ன செய்கிறது?

2010-11 கல்வியாண்டில், கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது வந்த சலுகை இது. குடும்பத்தில் பட்டதாரியே இல்லாத வீட்டிலிருந்து ஒரு பிள்ளை ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகத் தொழிற்படிப்பில் சேர்ந்தால், கல்விக் கட்டணத்தில் அரசு கை கொடுக்கும். சாதி வரம்பு இல்லை, வருமான வரம்பும் இல்லை.

நிறைய பேர் இதை இடஒதுக்கீடு என்று நினைக்கிறார்கள். இல்லை. சான்றிதழ் இருப்பதால் உங்கள் ரேங்க் ஒரு இடம்கூட முன்னே போகாது. கட்-ஆஃப் 200-க்கு எவ்வளவோ அவ்வளவுதான். சீட் கிடைத்த பிறகு கட்டணத்தில்தான் வித்தியாசம் தெரியும். சுயநிதிக் கல்லூரிகளில் கலந்தாய்வு இடங்களுக்கு 2017-ல் நிர்ணயித்த கட்டணத்தை வைத்துக் கணக்குப் போடுகிறேன். தேசிய அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுக்கு ஆண்டுக்கு 55,000, மற்றவற்றுக்கு 50,000. முதல் பட்டதாரி என்றால் அதில் 25,000 கழியும். நாலு வருஷத்துக்கு 1 லட்சம். பாகாயத்தில் இருக்கும் தந்தை பெரியார் அரசு தொழில்நுட்பக் கல்லூரி மாதிரி இடங்களில் கட்டணமே குறைவு என்பதால், அங்கே சலுகையின் ரூபாய் மதிப்பும் குறைவு.

இந்தச் சலுகை செல்லாத இடங்களும் இருக்கின்றன. மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் கிடையாது. வேலூர்க்காரர்கள் தினமும் பஸ்ஸில் கடந்து போகும் விஐடி ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகம். அது தனியாக நுழைவுத் தேர்வு வைத்துச் சேர்க்கிறது, அண்ணா பல்கலைக்கழகக் கலந்தாய்வு வரிசையில் இல்லை. அங்கே இந்தத் தாளைக் காட்டிப் பயனில்லை.

குடும்பம் என்றால் யார் யார்?

விண்ணப்பத்தில் அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்கள், அப்பா வழித் தாத்தா பாட்டி, அம்மா வழித் தாத்தா பாட்டி, எல்லோருடைய படிப்பையும் எழுத வேண்டும். இறந்துபோன தாத்தாவும் கணக்கில் உண்டு. சித்தப்பா எம்.ஏ., மாமா பி.எட். என்றால் பிரச்சினை இல்லை, அவர்கள் இந்தப் பட்டியலில் வரமாட்டார்கள். "எங்க தாத்தா வாத்தியார் சார், கிடைக்காதா?" என்று கேட்பவர்கள் உண்டு. பழைய இடைநிலை ஆசிரியர் பயிற்சி பட்டம் கிடையாது. அவர் வாத்தியாரா என்பதை விட, டிகிரி முடித்தாரா என்பதுதான் கேள்வி. அதேபோல அப்பா அஞ்சல் வழியில் பி.ஏ. முடித்திருந்தால் அதுவும் பட்டம்தான், கல்லூரி வாசலை மிதிக்கவில்லை என்று வாதாட முடியாது.

இந்தப் பதிவுக்கு முக்கியமான விதி இனிமேல்தான் வருகிறது. ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான். நீங்கள் அந்தச் சலுகையில் படித்துவிட்டீர்கள் என்றால், தங்கைக்கு அந்தக் கதவு மூடிவிட்டது. நீங்கள் சலுகை வாங்காமல், வாணியம்பாடியிலோ வேலூரிலோ ஒரு கலைக் கல்லூரியில் பி.காம். முடித்திருந்தாலும் மூடியதுதான், ஏனென்றால் இப்போது வீட்டில் ஒரு பட்டதாரி இருக்கிறார். இந்த இரண்டாவது வகைக் குடும்பங்களைப் பார்த்தால்தான் எனக்கு வருத்தமாக இருக்கும். அக்கா பக்கத்து ஊர்க் கல்லூரியில் சில ஆயிரம் ரூபாய்க் கட்டணத்தில் பி.ஏ. முடித்திருப்பார். சலுகையால் ஒரு பைசா பயன் இல்லை. மூன்று வருஷம் கழித்துத் தம்பிக்குப் பொறியியல் சீட் கிடைக்கும்போது அந்த 1 லட்சம் இல்லை. அதற்காக அக்கா படிக்காமல் இருக்க முடியுமா? முடியாது, இருக்கவும் கூடாது. விதி அப்படி எழுதப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

அமெரிக்காவில் இதே பெயரில் ஒரு விஷயம் இருக்கிறது, எம்.எஸ். போக நினைப்பவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அங்கே அவர்களுடைய உயர்கல்விச் சட்டத்தின் விளக்கப்படி, பெற்றோர் இருவரும் இளநிலைப் பட்டம் முடிக்காதவர்கள் என்றால் பிள்ளை முதல் தலைமுறை மாணவர். அண்ணன் பட்டதாரியா என்று யாரும் கேட்பதில்லை. அதனால் ஒரு வீட்டில் நாலு பிள்ளைகள் இருந்தால் நாலு பேருமே முதல் தலைமுறைதான். கல்லூரிகள் சேர்க்கை முடிவெடுக்கும்போதே அதைக் கவனிக்கவும் செய்கின்றன. நம் ஊரில் சேர்க்கையில் அதற்கு இடமில்லை, கட்டணத்தில் மட்டும், அதுவும் வீட்டுக்கு ஒரே முறை. என்னைக் கேட்டால், பெற்றோரை மட்டும் பார்க்கும் விளக்கம்தான் நியாயம். அம்மா ஐந்தாம் வகுப்பு என்பது அண்ணன் டிகிரி வாங்கியதும் மாறிவிடுவதில்லை. ஆனால் நாம் திட்டமிட வேண்டியது இருக்கும் விதியை வைத்து.

சம்பளம் வந்ததும் எல்லோரும் எடுக்கும் ஒரு முடிவு

முதல் சம்பளம் வந்த ஆறு மாதத்துக்குள் வீட்டில் ஒரு பேச்சு வரும். "பாப்பாவை கவர்ன்மென்ட் ஸ்கூல்ல இருந்து எடுத்து மெட்ரிக்ல போட்றலாம். நான் இங்கிலீஷ் வராம காலேஜ்ல பட்ட கஷ்டம் அவ படக்கூடாது." இதைச் சொல்பவருடைய மனசில் தங்கை மேல் இருக்கும் பாசத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை. இருந்தாலும் கணக்கைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

முதல் பட்டதாரி சலுகை போனாலும், அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு அதைவிடப் பெரிய உரிமைகள் தனியாக இருக்கின்றன. அவை குடும்பத்தைப் பார்த்து வருவதில்லை, அந்தப் பிள்ளை படித்த பள்ளியைப் பார்த்து வருகின்றன. நீங்கள் பட்டதாரியாக இருப்பது அதில் தடையே இல்லை.

2020-ல் மருத்துவப் படிப்புக்கும், 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு சட்டமாக வந்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளியில் எட்டாவது வரை படித்து, ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கும் உண்டு. இந்த ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்பவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசே ஏற்கும் என்று 2021 செப்டம்பரில் அறிவிப்பு வந்தது.

முதல் பட்டதாரி சலுகை கட்டணத்தில் பாதி. இது முழுசு, விடுதியும் சேர்த்து.

அதோடு பெண் பிள்ளை என்றால் புதுமைப் பெண் திட்டம் இருக்கிறது. 2022 செப்டம்பர் 5-ல் தொடங்கியது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்துவிட்டு மேற்படிப்பு போனால் படிப்பு முடியும் வரை மாதம் 1,000 ரூபாய். பையன் என்றால் 2024 ஆகஸ்ட்டில் வந்த தமிழ்ப் புதல்வன், அதே 1,000. நாலு வருஷப் படிப்பில் 48,000 வரை வரும்.

விஐடியிலும் அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு ஒரு வழி உண்டு. கிராமப்புற அரசுப் பள்ளிகளில் படித்து மாவட்ட அளவில் முதலிடம் வரும் ஒரு மாணவர், ஒரு மாணவிக்கு அவர்களே இலவசமாகப் படிப்பு கொடுக்கும் 'ஸ்டார்ஸ்' திட்டம் நடத்துகிறார்கள். அது எல்லோருக்கும் கிடைக்காது என்பதால் கணக்கில் சேர்க்கவில்லை.

இப்போது கணக்கு. எட்டாவது முடித்த தங்கையை ஒன்பதாவதில் தனியார் பள்ளியில் போடுகிறீர்கள். பீஸ், வேன், யூனிஃபார்ம் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 50,000 என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு வரை நாலு வருஷம், 2 லட்சம் உங்கள் கையிலிருந்து போகிறது. அவள் 7.5-ல் வரமாட்டாள் என்பதால் கல்லூரியில் ஆண்டுக்கு 55,000 வீதம் 2,20,000. புதுமைப் பெண் 48,000 வராது. மொத்தம் 4,68,000 ரூபாய் வித்தியாசம். விடுதிச் செலவை நான் இன்னும் சேர்க்கவே இல்லை. 28,000 சம்பளக்காரருக்கு இது கிட்டத்தட்ட பதினேழு மாதச் சம்பளம்.

உடனே வரும் கேள்வி, "7.5-ல சீட் கிடைக்கும்னு என்ன கேரண்டி?" கேரண்டி கிடையாது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளோடு போட்டி போட்டு கட்-ஆஃப் எடுக்க வேண்டும். ஆனால் தனியார் பள்ளியில் சேர்த்தால் நல்ல கட்-ஆஃப் வரும் என்பதற்கும் யாரும் எழுதிக் கொடுப்பதில்லை, பீஸுக்கு மட்டும்தான் ரசீது தருவார்கள்.

இன்னொரு கேள்வி நியாயமானது. "எங்க ஊர் ஸ்கூல்ல பிளஸ் ஒன்னுக்கு மேத்ஸ் டீச்சரே இல்லைங்க." அப்படியென்றால் பள்ளியை மாற்றுங்கள், அரசுப் பள்ளியிலிருந்து இன்னொரு அரசுப் பள்ளிக்கு. கலவையில் சரியில்லை என்றால் ஆற்காட்டில் பாருங்கள். மாவட்டத்துக்கு ஒன்றாக அரசு மாதிரிப் பள்ளிகளும் இருக்கின்றன, அங்கே கிடைத்தால் இன்னும் நல்லது. அந்த 50,000-ல் பாதியை எடுத்து கணக்கு, இயற்பியல் டியூஷனுக்கும், ஆங்கிலத்துக்கும், ஒரு நல்ல லேப்டாப்புக்கும் செலவு பண்ணுங்கள். பிள்ளைக்குத் தேவையானது கிடைக்கும், தகுதியும் போகாது.

ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம்காரர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை

நம் பகுதியில் நல்ல பெயர் எடுத்த பழைய பள்ளிகளில் பல, முஸ்லிம் கல்விச் சங்கங்களும் கிறிஸ்தவ மிஷன்களும் நடத்துபவை. அவற்றில் பல அரசு உதவி பெறும் பள்ளிகள். கட்டணம் குறைவு, ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுக்கிறது என்பதால் ஜனங்கள் பேச்சு வழக்கில் அதையும் "கவர்ன்மென்ட் ஸ்கூல்" என்றே சொல்லிவிடுகிறார்கள். 7.5 சதவீதச் சட்டத்தில் உதவி பெறும் பள்ளி சேராது. தமிழ்ப் புதல்வனும், 2024-25 முதல் புதுமைப் பெண்ணும் உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு உண்டு. ஆகவே மாதம் ஆயிரம் கிடைக்கும், முழுக் கட்டண விலக்கு கிடைக்காது. அந்தப் பள்ளிகள் மோசம் என்று சொல்லவில்லை. நான் பார்த்தவரை சில அரசுப் பள்ளிகளைவிட நன்றாகவே நடக்கின்றன. எந்தத் தகுதி இருக்கிறது, எது இல்லை என்று தெரிந்துகொண்டு சேருங்கள்.

ஏற்கெனவே தனியார் அல்லது உதவி பெறும் பள்ளியில்தான் படிக்கிறாள், இனி மாற்றிப் பயனில்லை என்பவர்கள் அடுத்த பகுதிக்கு வாருங்கள்.

அந்த 1 லட்சத்தை எப்படி ஈடு கட்டுவது?

எஸ்.சி., எஸ்.டி. குடும்பம் என்றால் முதலில் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. பெற்றோர் வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். அண்ணனோ அக்காவோ பட்டதாரியா என்பது இதில் பொருட்டே இல்லை. தோல் தொழிலில் இருக்கும் நிறைய குடும்பங்களுக்கு முதல் பட்டதாரி சலுகையைவிட இது பெரியது, அதனால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் அம்மாவும் அப்பாவும் ஆளுக்கு 11,000 வாங்கினாலே ஆண்டுக்கு 2,64,000 வந்துவிடும். வரம்பைத் தாண்டிவிடும் என்பதை முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

நேரம் இருந்தால் சேமிப்பு. தங்கை இப்போது ஒன்பதாவது ஆரம்பித்திருக்கிறாள் என்றால் கல்லூரிக்கு நாலு வருஷம் இருக்கிறது. மாதம் 2,000 ரூபாய் ஆர்டி, 6.5 சதவீத வட்டி என்று வைத்தால் 48 மாதத்தில் சுமார் 1.1 லட்சம். நீங்கள் வாங்கிய முதல் பட்டதாரி சலுகையை அப்படியே அவளுக்குத் திருப்பிக் கொடுத்த மாதிரி. நாலு வருஷப் பணத்தை ஈக்விட்டி எஸ்ஐபியில் போடலாமா என்று கேட்பீர்கள். நான் போடமாட்டேன். கல்லூரி சேரும் ஜூலை மாதம் மார்க்கெட் இறங்கியிருந்தால், "அடுத்த வருஷம் சேரும்மா" என்று சொல்ல முடியாது.

நேரம் இல்லை என்றால் கல்விக் கடன். இதில் நிறைய பேர் கவனிக்காத ஒரு கணக்கு இருக்கிறது. ஆண்டுக்கு 55,000 வீதம் நாலு வருஷம் கடன் வாங்குகிறாள், வட்டி 10 சதவீதம். படிக்கும் நாலு வருஷமும் அதற்குப் பிறகு ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டாம், ஆனால் தனி வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். முதல் 55,000-க்கு ஐந்து வருஷம், அடுத்ததுக்கு நாலு, பிறகு மூன்று, இரண்டு. மொத்தம் 77,000 ரூபாய் வட்டி. குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, தொழிற்படிப்பாக இருந்து, கல்லூரி உரிய அங்கீகாரம் பெற்றிருந்தால் அந்த வட்டியை மத்திய அரசு மானியமாகக் கொடுக்கும் திட்டம் இருக்கிறது. அதாவது கையை விட்டுப் போன 1 லட்சத்தில் 77,000 இந்த வழியில் திரும்பி வருகிறது. ஒரே ஒரு வருமானச் சான்றிதழை நேரத்துக்கு வங்கியில் கொடுக்காததால் இதை இழந்தவர்கள் நிறைய.

2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்தில், பட்டியலில் உள்ள சுமார் 860 நிறுவனங்களில் சேர்பவர்களுக்கு அடமானமோ ஜாமீனோ கேட்காமல் கடன். வருமானம் 4.5 லட்சத்தைத் தாண்டி 8 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கு 10 லட்சம் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை. சாதாரண கல்விக் கடனிலும் 7.5 லட்சம் வரை அரசின் கடன் உத்தரவாத நிதி இருப்பதால் சொத்து அடமானம் தேவையில்லை. மேனேஜர் "வீட்டுப் பத்திரம் இருக்கா?" என்று கேட்டால் இதைப் பணிவாக ஞாபகப்படுத்துங்கள்.

வருமானச் சான்றிதழ் விஷயத்தில் ஒன்று. அம்மா 12,000, அப்பா 13,000 என்றால் ஆண்டுக்கு 3 லட்சம். உங்கள் 28,000-ஐயும் சேர்த்தால் 6,36,000. குடும்ப அட்டையில் உங்கள் பெயர் இருந்தால் உங்கள் சம்பளத்தையும் கேட்பார்கள். மறைக்காதீர்கள். உங்கள் பெயரில் பிஎஃப், டிடிஎஸ் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது பொய்ச் சான்றிதழ் பின்னால் மாட்டும். 6,36,000 என்றால் முழு மானியம் இல்லை, வித்யாலட்சுமி பட்டியலில் உள்ள கல்லூரியாகப் பார்த்தால் 3 சதவீதம் உண்டு. கல்லூரி தேர்வு செய்யும்போதே அந்தப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வரிச் சலுகை கிடைக்குமா சார்?

அண்ணனுக்கோ அக்காவுக்கோ கிடைக்காது. கல்விக் கடன் வட்டிக்கான கழிவு, அதாவது எல்லோரும் 80இ என்று சொல்வது, உங்களுக்கு, உங்கள் கணவன் அல்லது மனைவிக்கு, உங்கள் பிள்ளைகளுக்கு, அல்லது நீங்கள் சட்டப்படி கார்டியனாக இருக்கும் மாணவருக்கு வாங்கிய கடனுக்குத்தான். தங்கை அந்தப் பட்டியலில் இல்லை. 80சி-யில் வரும் டியூஷன் பீஸும் சொந்தப் பிள்ளைகளுக்கு மட்டும். ஆகவே கடன் தங்கை பெயரில், அப்பாவோ அம்மாவோ இணைக் கடன்தாரராக இருக்கட்டும். நாளைக்கு அவள் வேலைக்குப் போய்த் தன் சம்பளத்தில் வட்டி கட்டும்போது, பழைய வரி முறையில் இருந்தால் எட்டு வருஷம் வரை அவள் கழித்துக்கொள்வாள்.

உண்மையில் இதற்காக நீங்கள் ரொம்ப வருத்தப்பட வேண்டியதில்லை. 2025-26 முதல் புதிய வரி முறையில் 12.75 லட்சம் வரை சம்பளத்துக்கு வரியே வராது. 28,000 வாங்குபவருக்கு 80இ இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். தங்கைக்கு நீங்கள் கொடுக்கும் பணத்துக்கு அவள் கையிலும் வரி இல்லை, உடன்பிறந்தவர் கொடுக்கும் பணம் வரியில்லாத உறவினர் வகையில் வருகிறது.

பிஎஃப் கதை இன்னும் சுவாரஸ்யம். பல ஆண்டுகளாக இருந்த 68கே பத்தியைப் படித்துப் பாருங்கள். ஏழு வருஷம் உறுப்பினராக இருந்தால் உங்கள் பங்கில் பாதி வரை எடுக்கலாம். எதற்கு? உங்கள் கல்யாணம், பிள்ளைகள் கல்யாணம், அண்ணன் தம்பி அக்கா தங்கை கல்யாணம். படிப்புக்கு என்றால் மகன், மகள் மட்டும். தங்கச்சி கல்யாணத்துக்கு அண்ணன் பிஎஃப்பில் எடுக்கலாம், அவள் பி.இ. படிக்க எடுக்க முடியாது! எழுதியவர்கள் எந்தக் காலத்து வீட்டை மனதில் வைத்து எழுதினார்களோ. 2025 அக்டோபரில் பணம் எடுக்கும் விதிகளை எளிதாக்க முடிவு செய்திருக்கிறார்கள், விண்ணப்பிக்கும் முன் அன்றைய விதியை இபிஎஃப்ஓ தளத்தில் பார்த்துவிடுங்கள்.

ஆனால் அம்மாவுக்கு அவள் மகள். ஷூ கம்பெனியில் பத்து வருஷம் வேலை பார்த்த அம்மாவின் பிஎஃப்பிலிருந்து மகள் படிப்புக்கு எடுக்கலாம். எடுக்கலாம் என்பதற்காக எடுங்கள் என்று சொல்லமாட்டேன். ஐம்பது வயதை நெருங்கும் ஒரு தையல் மெஷின் தொழிலாளிக்கு ஓய்வுக்காலத்துக்கு வேறு எதுவும் இருக்காது. வட்டி மானியத்தோடு கல்விக் கடன் கிடைக்கும்போது அம்மாவின் பிஎஃப்பைத் தொடுவது கடைசி வழியாகவே இருக்கட்டும். நகைக்கடனும் அப்படித்தான்.

அம்மா பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். சம்பளம் 21,000 வரை என்பதால் ஷூ கம்பெனித் தொழிலாளர்கள் பெரும்பாலும் இஎஸ்ஐ-யில் இருப்பார்கள். இஎஸ்ஐ காப்பீட்டாளரின் பிள்ளைகளுக்கு, சென்னை கே.கே.நகர் உட்பட இஎஸ்ஐசி மருத்துவக் கல்லூரிகளில் தனி எம்பிபிஎஸ் இடங்கள் உண்டு. நீட் எழுத வேண்டும், காப்பீட்டாளரின் பிள்ளை என்ற சான்றிதழை இஎஸ்ஐசி-யிடம் வாங்க வேண்டும். அம்மாவின் சம்பளச் சீட்டில் மாதா மாதம் பிடிக்கும் அந்தச் சின்னத் தொகையில் இப்படியும் ஒரு உரிமை இருப்பது, நான் பேசிய பல குடும்பங்களுக்குத் தெரியவில்லை. தங்கை பயாலஜி குரூப் எடுத்தால் ஞாபகம் வையுங்கள்.

வீட்டில் இன்னும் யாருமே வாங்கவில்லை என்றால்

நீங்கள் டிப்ளமாவோடு வேலைக்கு வந்தவர், வீட்டில் யாரும் டிகிரி முடிக்கவில்லை, தம்பிதான் முதல் ஆள் என்றால் சலுகை அவனுக்குக் காத்திருக்கிறது. பிளஸ் டூ தேர்வு முடிந்த கையோடு விண்ணப்பியுங்கள். ரிசல்ட் வந்த பிறகு போனால் இ-சேவை மையத்தில் கூட்டம் அலைமோதும். கேன் எண் எடுத்து, குடும்பத்தினர் படிப்புக்கான மாற்றுச் சான்றிதழ்கள், ஆதார், குடும்ப அட்டை, உறுதிமொழியோடு பதிவு செய்தால், விஏஓ, வருவாய் ஆய்வாளர் பார்த்து, துணை வட்டாட்சியர் டிஜிட்டல் கையெழுத்தில் சான்றிதழ் வரும். கலந்தாய்வுப் பதிவின்போது அதோடு மாணவரும் பெற்றோரும் சேர்ந்து கையெழுத்திட்ட கூட்டு உறுதிமொழியும் கேட்பார்கள். அதை மறந்துவிட்டுச் சான்றிதழை மட்டும் ஏற்றுபவர்கள் ஒவ்வொரு வருஷமும் உண்டு.

2019 நவம்பரில் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போனது, கலவை இப்போது ராணிப்பேட்டை மாவட்டத்தில் தனி வட்டம். அப்பாவின் பழைய தாள்களில் வேலூர் மாவட்டம், ஆற்காடு வட்டம் என்று இருந்தால் அதில் தப்பு எதுவும் இல்லை. விண்ணப்பத்தில் மட்டும் இன்றைய மாவட்டம், இன்றைய வட்டம் எழுதுங்கள். பெயரின் எழுத்தும் இனிஷியலும் ஆதாரிலும் மார்க் ஷீட்டிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள், திரும்பி வரும் விண்ணப்பங்களில் பெரும்பாலானவை அங்கேதான் மாட்டுகின்றன.

7.5 சதவீதத்துக்குப் போகும் தங்கைக்கு ஒரு வேலை இந்த மாதமே இருக்கிறது. ஆறாவதிலிருந்து இன்றுவரை அவள் எந்தெந்தப் பள்ளியில் படித்தாள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். நடுவில் பள்ளி மாறியிருந்தால், அந்தப் பழைய பள்ளித் தலைமை ஆசிரியரிடம் எந்த வகுப்பு முதல் எந்த வகுப்பு வரை படித்தாள் என்ற படிப்புச் சான்று இப்போதே வாங்கி வையுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் பதிவிலும் அது சரியாக ஏறியிருக்கிறதா என்று வகுப்பு ஆசிரியரிடம் கேட்டுவிடுங்கள். தவறு இருந்தால் பள்ளியிலேயே திருத்தித் தருவார்கள். கலந்தாய்வு நேரத்தில், மே மாத விடுமுறையில், அந்தத் தலைமை ஆசிரியரைத் தேடிப் பிடிப்பது கஷ்டம்.